டிக்... டிக்... டிக்... டாப்பெட் மேல பழி போடாதீங்க பாஸ்!

காலேஜ் பார்க்கிங்கில் நிற்கிற பைக்குகளை ரெண்டே ரகமாகப் பிரிச்சிடலாம். ஒண்ணு, அப்பா லோன் போட்டு வாங்கிக் கொடுத்தது. இன்னொண்ணு, அப்பா ஓட்டிக் களைச்சு, அண்ணன் ஓட்டித் தேய்ச்சு, கடைசியாக நம்ம கைக்கு வந்து சேர்ந்தது. ரெண்டாவது ரகத்தை ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு சத்தம் வரும். ‘டிக்... டிக்... டிக்...’ ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் அதுவே ‘சட் சட் சட்’ என்று வேகம் பிடிக்கும். அந்தச் சத்தத்தோடு செமஸ்டர் கணக்கில் குடித்தனம் நடத்துகிற மகான்களுக்குத்தான் இந்தக் கட்டுரை!

அந்தச் சத்தத்துக்குப் பல காரணம் இருக்கலாம். ஆனால் பழைய வண்டிகளில் அடிக்கடி மாட்டுகிற, ரொம்ப மலிவான, அதனாலேயே யாரும் கண்டுகொள்ளாத ஒரு குற்றவாளி உண்டு. பெயர், எக்ஸாஸ்ட் கேஸ்கெட். ஒர்க்‌ஷாப் பாஷையில் ‘சைலன்சர் பேக்கிங்’ அல்லது சும்மா ‘ரிங்’. நம்ம ஊர் 100 சிசி வண்டிகளுக்கு இதன் விலை, நூறு ரூபாய் நோட்டு நீட்டினால் மிச்சம் வரும். ஆனால் இதைத் தப்பாகப் புரிஞ்சுக்கிட்டால் வருகிற பில் இருக்கே... அதைப் பிறகு சொல்றேன்.

யாருங்க இந்த ரிங்?

இன்ஜினுக்குள் வெடிச்சு முடிச்ச புகை, சிலிண்டர் ஹெட்டில் இருக்கிற ஓட்டை வழியாக வெளியே வரும். அந்த ஓட்டையில்தான் சைலன்சரின் முன்பகுதியான பெண்ட் பைப் வந்து உட்காரும். ஹெட் அலுமினியம், பைப் இரும்பு. ரெண்டையும் எவ்வளவு இறுக்கி வெச்சாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பள்ளத்தை எல்லாம் அடைக்கிற வேலைதான் இந்த வளையத்துக்கு.

எப்படி அடைக்குது? நசுங்கித்தான்! ரெண்டு நட்டையும் இறுக்கும்போது வளையம் நசுங்கி, மேடு பள்ளத்துக்குள் போய்ப் படிஞ்சுக்கும். மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியும்படி சொன்னால், ‘பிளாஸ்டிக் டிஃபார்மேஷன்’. ரப்பர் மாதிரி பழைய உருவத்துக்குத் திரும்பி வராது. அதனால் இது ஒரு தடவை மட்டுமே நசுங்கத் தெரிஞ்ச பார்ட்டி. கழற்றிவிட்டு அதையே திரும்ப மாட்டினால் ஏற்கெனவே படிஞ்ச தடத்தில் அது சரியாக உட்காராது. ‘பார்க்க நல்லாத்தானே இருக்கு’ என்று பழைய ரிங்கையே போடுகிறவர்கள் ரெண்டே வாரத்தில் மறுபடியும் ஸ்பேனரைத் தேடுவது இதனால்தான்.

இந்த வளையத்தின் உழைப்பைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை புகை வெளியே வரும். 6,000 ஆர்.பி.எம்-மில் போனால் நிமிஷத்துக்கு 3,000 தடவை. அதாவது, செகண்டுக்கு 50 அடி! ஒவ்வொரு அடியும் சில நூறு டிகிரி சூட்டில். வண்டியை நிறுத்தினதும் எல்லாம் குளிர்ந்து சுருங்கும். மறுநாள் காலையில் மறுபடியும் சூடு, மறுபடியும் விரிவு. அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். இந்த இழுபறிக்கு நடுவில் மாட்டிக்கிட்டு, வருஷக்கணக்கில் சத்தமே போடாமல் வேலை பார்க்குது அந்த ரிங். ஒரு நாள் அதுவும் களைச்சுப் போகும். அப்போதுதான் ‘டிக்’!

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

இப்போதான் மேட்டரே ஆரம்பம். ‘டிக் டிக்’ கேட்டதும் நம்ம ஆட்கள் பத்தில் எட்டுப் பேர் சொல்கிற பதில், “மச்சி, டாப்பெட் சத்தம்டா. டைட் பண்ணு, சரியாயிடும்!”

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. டாப்பெட்டும் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தட்டும். எக்ஸாஸ்ட் லீக்கும் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் துப்பும். ரெண்டு சத்தமும் வருவது அதே சிலிண்டர் ஹெட் பக்கத்திலிருந்து. தாளம் ஒண்ணு, மேடை ஒண்ணு. பாடகர் மட்டும் வேற!

என் ஹாஸ்டல் தோழன் ஒருத்தன் கதையைக் கேளுங்க. அண்ணன் கொடுத்த பழைய 100 சிசி வண்டி. டிக் டிக் சத்தம். ஒரு கடையில் விட்டான், டாப்பெட்டை இறுக்கிக் கொடுத்தார்கள். சத்தம் போகலை. மறுபடியும் போனான், இன்னும் கொஞ்சம் இறுக்கினார்கள். மூணாவது தடவையும் அதே வைத்தியம். ஒரு மாசம் கழிச்சு வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்க ஆரம்பிச்சது. இழுவையும் போச்சு. வேற இடத்தில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கருகிப்போயிருந்தது. வால்வு, சீட்டு வேலை, ஹெட் கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்துப் பயபுள்ளைக்கு ரெண்டு மாச மெஸ் பில் காலி. ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது சைலன்சருக்குப் புது ரிங் போட்டார்கள். டிக் டிக் அப்போதுதான் நின்னுச்சு!

ஏன் அப்படி ஆச்சு? எக்ஸாஸ்ட் வால்வு நெருப்பிலேயே குளிக்கிற ஆள். மூடியிருக்கிற நேரத்தில் சீட்டோடு ஒட்டி உட்கார்ந்து, தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுத்துத்தான் அது பிழைக்குது. டாப்பெட்டில் விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரை நூறாக்கினால் அதில் சில பங்குதான். அதையும் இறுக்கி இல்லாமல் பண்ணிவிட்டால், சூட்டில் வால்வு முழுசாக மூட முடியாது. சந்து வழியாக நெருப்பு பீறிட்டு, ஓரத்தைத் தின்னுடும். நூறு ரூபாய்க்குள் முடிய வேண்டிய கதை இப்படித்தான் ஆயிரங்களில் போய் முடியுது.

அதனால் முதல் பாடம், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னாடி காதைத் தீட்டிக்கணும்!

துப்பறியும் சாம்பு ஆகலாம் வாங்க!

‘சரி, டாப்பெட்டா பேக்கிங்கா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?’ இந்தக் கேள்வியோடு, தாம்பரம் பக்கம் இருபது வருஷத்துக்கும் மேலாக மெக்கானிக் ஷெட் நடத்துகிற அண்ணன் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். “பேரெல்லாம் போடாத தம்பி, அப்புறம் எல்லாரும் ஃப்ரீயா செக் பண்ணித் தரச் சொல்லி வந்துடுவாங்க” என்று சிரித்தவர், கைவேலையை நிறுத்தாமலே சொல்லிக் கொடுத்தார்.

“காலையில வண்டி ஜில்லுனு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் கேளு. பேக்கிங் லீக்குன்னா அப்போதான் சத்தம் ஜாஸ்தி. பத்து நிமிஷம் ஓடி சூடானா அடங்கிடும். இரும்பு விரிஞ்சு சந்தை அடைச்சுக்கும்ல... டாப்பெட் சத்தம் சூடானாலும் அப்படி ஒரேயடியா அடங்காது.”

“சரி, வேற அடையாளம் எதுவும் இருக்கா அண்ணே?”

“மேடு ஏறும்போது கேளு. ரெண்டு பேரா உட்கார்ந்து மேட்டுல முறுக்கினா லீக் சத்தம் கன்னாபின்னான்னு ஏறும். அப்புறம் பைப்பு ஹெட்டுல சேர்ற இடத்தைக் குனிஞ்சு பாரு. சுத்தி கரி புடிச்சிருந்தா வேற சாட்சியே வேணாம்.”

அவர் சொன்ன இன்னொரு டெக்னிக்கும் உண்டு. குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணினதுமே, சைலன்சர் வால் முனையைக் கனமான துணியை மடிச்சு ஒரு நொடி மட்டும் லேசாக அடைக்கணும். போக வழியில்லாமல் புகை முன்பக்கச் சந்தில் ‘புஸ் புஸ்’ என்று சீறும். கையால் மட்டும் அடைச்சுடாதீங்க. கை வெந்துபோகும், பாஸ்!

ஓடிக்கிட்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் ‘டப்... டப்...’ என்று பின்னாடி பட்டாசு வெடிக்குதா? அதுவும் லீக்கின் அடையாளமாக இருக்கலாம். பைப்புக்குள் அழுத்தம் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும். இறங்குகிற நொடியில் அதே சந்து வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். எரியாமல் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியோடு அந்தக் காற்று சேர்ந்தால், பைப்புக்குள்ளேயே தீபாவளி! ஆனால் கார்புரேட்டர் டியூனிங் சரியில்லைன்னாலும் இதே வெடி வெடிக்கும். அதனால் இதை மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுதிடாதீங்க. கரி, குளிர்ச்சியில் சத்தம், மேட்டில் சத்தம், மூணையும் சேர்த்துப் பாருங்க.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனை எல்லாம் திறந்தவெளியில்தான். மூடின ஷெட்டுக்குள், வீட்டு கார் பார்க்கிங்குக்குள் வேண்டவே வேண்டாம். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆளையே சாய்ச்சிடும்.

பர்ச்சேஸ் படலம்

நம்ம ஊர்த் தெருக்களில் இன்னமும் ஓடுகிற பழைய 100 சிசி என்றால் முதலில் ஞாபகம் வருவது ஸ்ப்ளெண்டர். 1994-ல் வந்த வண்டி, 97.2 சிசி. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவிச்சாச்சு. ஆனால் ‘ஹீரோ ஹோண்டா’ ஸ்டிக்கரோடு நிற்கிற டேங்க்குகளை நீங்க எந்த காலேஜ் பார்க்கிங்கிலும் பார்க்கலாம். இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்டிலிருந்து ரெண்டு ஸ்டட் நீட்டிக்கிட்டு இருக்கும். பைப்பின் ஃபிளாஞ்சை அதில் கோத்து ரெண்டு நட்டுப் போட்டு இறுக்கியிருப்பார்கள். அவ்வளவுதான் டிசைன்.

ரிங் வாங்கும்போது “ஸ்ப்ளெண்டருக்கு ஒரு பேக்கிங் குடுங்க” என்று மொட்டையாகக் கேட்காமல், மாடலையும் வருஷத்தையும் சொல்லிக் கேளுங்க. பழைய ரிங்கைக் கழற்றிக் கையோடு எடுத்துட்டுப் போய் அளவு ஒப்பிட்டு வாங்கினால் இன்னும் நல்லது. சென்னைப் பசங்களுக்கு ஜி.பி. ரோடு இருக்கு, புதுப்பேட்டை இருக்கு. மத்த ஊர்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டூ வீலர் ஸ்பேர்ஸ் கடை இல்லாமல் இருக்காது. அப்படியே ரெண்டு புது நட்டும் வாங்கிக்குங்க. துருப்பிடிச்ச பழைய நட்டைத் திரும்ப மாட்டுவதைவிட அது புண்ணியம்.

மத்தபடி தேவையானது: நட்டுக்குச் சரியான ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் (பெரும்பாலும் 10-ஆம் நம்பர், உங்க வண்டியில் பொருத்திப் பார்த்துக்குங்க), சைலன்சரின் பின்பக்க போல்ட்டுக்கான ஸ்பேனர், கம்பி பிரஷ், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கிரீஸ், கைப்பிடி பனியன் வேஸ்ட். கூடவே ஒரு பாட்டில் பொறுமை. அது எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்காது!

நட்டா, ஸ்டட்டா?

இந்த வேலையில் கஷ்டமான பகுதி புது ரிங்கை மாட்டுவது கிடையாது. பழைய நட்டைக் கழற்றுவதுதான். ஹெட்டில் இருக்கிற ஸ்டட் இரும்பு. பல வருஷ மழை, சேறு, சூடு எல்லாம் பட்டு நட்டும் ஸ்டட்டும் கல்யாணமே பண்ணிக்கிட்டிருக்கும். அவசரப்பட்டு விவாகரத்து வாங்கப் போனால் ஸ்டட் பாதியில் முறிஞ்சு, மிச்சம் ஹெட்டுக்குள்ளேயே தங்கிடும். அப்புறம் லேத் பட்டறை, ட்ரில்லிங், வெல்டிங் என்று ஊர்வலம்தான்.

அதனால் முந்தின நாள் ராத்திரியே, வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு, நட்டைச் சுற்றிக் கம்பி பிரஷ் போட்டுத் துருவை உதிர்த்துவிட்டு, துரு இளக்குகிற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. டபிள்யூடி-40 கேள்விப்பட்டிருப்பீங்க. அந்தப் பெயரின் கதை தெரியுமா? 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், உலோகத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலக்குகிற ஒரு திரவத்துக்காக முயற்சி பண்ணினார்கள். நாற்பதாவது ஃபார்முலாதான் ஒர்க் அவுட் ஆச்சு. ‘வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், 40’ என்பதன் சுருக்கம்தான் டபிள்யூடி-40! நாற்பது அரியர் எழுதி பாஸ் பண்ணின திரவம், நம்மாளுங்கதான்! சூடான பைப்பில் மட்டும் எந்த ஆயிலையும் ஸ்ப்ரேயையும் அடிக்காதீங்க. தீப்பிடிச்சுக்கும்.

காலையில் ஸ்பேனரைப் போட்டு மெதுவாகத் திருப்புங்க. அண்ணன் சொன்னது இது: “கழட்டும்போது நட்டு ஸ்பிரிங் மாதிரி கொஞ்சம் போயிட்டு திரும்பி வந்துச்சுன்னா உடனே கையை எடுத்துடணும் தம்பி. நட்டு சுத்தலை, ஸ்டட்டு முறுக்கிக்குதுன்னு அர்த்தம். அப்போ கொஞ்சம் டைட் பக்கம் திருப்பு, மறுபடியும் லூஸ் பக்கம். ஆயில் விடு. டீ குடிச்சுட்டு வா. நானே சில வண்டிக்கு ரெண்டு டீ குடிச்சிருக்கேன்.”

ஸ்பேனரில் பைப்பைச் சொருகி நீட்டி இழுக்கிற பழக்கம் நம்ம ஊரில் உண்டு. இங்கே மட்டும் வேண்டாம். ஏன்னு கணக்குப் பாருங்க. 6 மில்லிமீட்டர் ஸ்டட்டில் இருக்கிற நட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். நட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஸ்பேனரைப் பிடிச்சால், சுமார் 10 கிலோ இழுவை. அதே 10 கிலோ இழுவையை 30 செ.மீ. பைப் வெச்சு இழுத்தால் முறுக்கு மூணு மடங்கு ஆயிடும். ஸ்டட் பாவம், என்னதான் பண்ணும்? மரை கழண்ட கேஸ் என்று ஊரில் திட்டுவார்களே, அது நம்மைப் பார்த்துச் சொல்கிற மாதிரி ஆயிடும்!

ரெண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கணும். பிறகு பின்பக்க போல்ட். சில மாடல்களில் ஃபுட்ரெஸ்ட் பாரையும் கழற்ற வேண்டியிருக்கும். சைலன்சர் கனமாக இருக்கும், தனியாகத் தொங்க விடாமல் ரூம் மேட் ஒருத்தனைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. பரோட்டா வாங்கித் தர்றதாகச் சொன்னால் கட்டாயம் வருவான்.

ஒளிஞ்சிருக்கும் பழசு

பைப்பைக் கழற்றியாச்சு. பழைய ரிங் எங்கே? பல நேரம் காணாது! ஹெட்டின் ஓட்டைக்குள்ளேயே நசுங்கி, கரி படிஞ்சு, அலுமினியத்தோடு அலுமினியமாக ஒட்டிக்கிட்டு இருக்கும். ‘முன்னாடி போட்டவன் ரிங்கே போடலை போல’ என்று நினைச்சு அதுக்கு மேலேயே புது ரிங்கை வைக்கிறவர்கள் ஏராளம். ரெண்டு ரிங் இருந்தால் டபுள் சேஃப்டி கிடையாது. பைப் சரியாக உட்காராது, ஃபிளாஞ்ச் கோணிக்கும், லீக் தொடரும். டார்ச் அடிச்சு நல்லாப் பாருங்க.

எடுக்கும்போது சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தைப் பக்குவமாக நெம்பணும். அலுமினியம் மெது, கீறல் விழுந்தால் அதுவே புது லீக்குக்கு வாசல். சுரண்டுவதற்கு முன்னாடி ஓட்டைக்குள் கொஞ்சம் வேஸ்ட் துணியைத் திணிச்சு வெச்சால் துகள் உள்ளே விழாது. முடிஞ்சதும் மறக்காமல் அந்தத் துணியை எடுத்துடணும். இல்லைன்னா அன்னிக்குப் பூரா கிக்கரை உதைச்சுக் கால் வலிக்கிறதுதான் மிச்சம்.

இந்த இடத்தில் கொஞ்சம் சீரியஸாக ஒரு விஷயம். பழைய காலத்து எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் பயன்படுத்துவது வழக்கம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்க வண்டியில் இருக்கிற பழைய ரிங் எந்த ரகம் என்று பார்த்தே சொல்லிவிட முடியாது. அதனால் பழைய ரிங்கைக் காய்ந்த நிலையில் தேய்க்காதீங்க, வாயால் ஊதாதீங்க, ஏர் பிரஷர் அடிக்காதீங்க. தண்ணீர் தெளிச்சு ஈரமாக்கி, ஈரத் துணியால் துடைச்சு, ரிங்கையும் துணியையும் ஒரு கவரில் கட்டிப் போடுங்க. மாஸ்க் போட்டுக்கிட்டால் இன்னும் நல்லது. ஷெட்டுகளில் தினம் தினம் இதை வெறும் வாயால் ஊதிக்கிட்டிருக்கிற சின்னப் பசங்களைப் பார்த்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.

மெட்டீரியல் சயின்ஸ் படிச்ச மேதாவிகளுக்கு ஒரு சந்தேகம் வரும். ‘செம்பை நசுக்கினால் இறுகிப்போகும், மறுபடி காய்ச்சினால் மெதுவாகும்னு அனீலிங் பாடத்தில் படிச்சோமே! பழைய ரிங்கைக் காய்ச்சியே போட்டால் என்ன?’ நல்ல கேள்வி. முழுச் செம்பு வளையத்தை மங்கின சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் மெதுவாகும் என்பது உண்மைதான். ஆனால் பைக் ரிங்குகளில் பல, வெளியே மெல்லிய உலோகத் தகடும் உள்ளே வேற நிரப்புப் பொருளும் வெச்ச சாண்ட்விச். அதைக் காய்ச்சினாலும் நசுங்கினது நிமிராது. பாடம் சரி, ரிங்தான் வேற!

மாட்டலாம் வாங்க

பைப் முனையையும் ஹெட்டில் ரிங் உட்காருகிற இடத்தையும் சுத்தமாகத் துடைச்சாச்சா? புது ரிங்கில் ரெண்டு மூணு இடத்தில் பொட்டு வைக்கிற மாதிரி கிரீஸ் தடவி ஓட்டைக்குள் ஒட்டுங்க. பைப்பைத் தூக்கும்போது ரிங் கீழே விழுந்து சாக்கடையைத் தேடி ஓடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது அந்த கிரீஸ் எரிஞ்சு கொஞ்சம் புகை வரும், டென்ஷன் ஆகாதீங்க.

அடுத்து வரிசை ரொம்ப முக்கியம். பைப்பை வெச்சு முன்பக்க நட்டு ரெண்டையும் விரலாலேயே போகிற வரைக்கும் சுற்றுங்க. விரலால் சுற்றாத நட்டை ஸ்பேனரால் சுற்றவே கூடாது, மரை மாறி ஏறிடும். பின்பக்க போல்ட்டைச் சும்மா கோத்து மட்டும் வைங்க, இறுக்காதீங்க. இப்போது முன்பக்கத்துக்கு வாங்க. இந்த நட்டு கால் சுற்று, அந்த நட்டு கால் சுற்று. மாற்றி மாற்றி. ஃபிளாஞ்சின் ரெண்டு பக்கமும் ஹெட்டிலிருந்து சம தூரத்தில் இருக்கா என்று அப்பப்போ குனிஞ்சு பாருங்க. ரிங் நசுங்க ஆரம்பிச்சதும் கைக்கு ஒரு மெத்தென்ற எதிர்ப்பு தெரியும். அது சட்டென்று கெட்டியாகிற இடத்தில் நிறுத்திடலாம். மேனுவலும் டார்க் ரெஞ்சும் கிடைச்சால், மேனுவலில் இருக்கிற எண்தான் கடைசித் தீர்ப்பு.

முன்பக்கம் முடிஞ்ச பிறகுதான் பின்பக்க போல்ட்டை இறுக்கணும். இதைத் தலைகீழாகப் பண்ணினால் என்ன ஆகும்? பின்னாடி இறுக்கின சைலன்சர், முன்னாடி பைப்பை ஒரு பக்கமாக இழுத்துப் பிடிச்சுக்கும். ரிங் ஒரு பக்கம் அப்பளமாகும், மறுபக்கம் நசுங்கவே நசுங்காது. புது ரிங் போட்ட மறுநாளே ‘டிக்’ திரும்பி வருகிற வண்டிகளில் பலவற்றின் ரகசியம் இதுதான்.

ஸ்டார்ட் பண்ணுங்க. பைப் சேருகிற இடத்தில் சத்தம் இருக்கா? புகை வருதா? இல்லைன்னா, ஒரு அஞ்சாறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து வண்டியை முழுசாக ஆற விடுங்க. ஆறின பிறகு ரெண்டு நட்டையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க. முதல் சூட்டில் ரிங் இன்னும் கொஞ்சம் படிஞ்சு, நட்டு லேசாக இளகியிருக்கலாம். மறுபடியும் அதே அளவுக்கு இறுக்கினால் வேலை முடிஞ்சது. இந்தக் கடைசி அஞ்சு நிமிஷத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் பண்றதே இல்லை.

ஆர்எக்ஸ் 100 பார்ட்டிகளுக்கு மட்டும்!

1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்னுபோன யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்னமும் கட்டிக்கிட்டு அலைகிற கூட்டம் எந்த காலேஜிலும் உண்டு. உங்களுக்கு இந்த ரிங் இன்னும் ஒரு படி முக்கியம். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் புகை வெளியே வரும். 6,000 ஆர்.பி.எம்-மில் செகண்டுக்கு 100 அடி. தவிர, டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்டுக்குத் தனி வால்வே கிடையாது. பைப்புக்குள் ஓடித் திரும்பி வருகிற அழுத்த அலைதான், தப்பி ஓடப் பார்க்கிற புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ள உதவுது. பைப்பின் வாயிலேயே ஓட்டை இருந்தால் அந்த அலை வலுவிழந்துபோகும். ‘வண்டி பழைய இழுவை இழுக்கலை மச்சி’ என்று கார்புரேட்டரைப் பிரிச்சு மேய்வதற்கு முன்னாடி, பைப் சேருகிற இடத்தில் கறுப்பாக ஆயில் வழிஞ்சிருக்கா என்று பாருங்க.

எப்போ விட்டுடணும்?

எல்லாத்தையும் நாமளே பண்ணிடணும்னு அவசியம் கிடையாது. ஸ்டட் ஏற்கெனவே முறிஞ்சிருந்தால், நட்டு முனை மழுங்கி ஸ்பேனர் வழுக்கினால், ஃபிளாஞ்ச் வளைஞ்சிருந்தால், பைப் வாய்ப்பக்கம் விரிசல் விட்டிருந்தால், நேராக அனுபவசாலி கையில் கொடுத்துடுங்க. புது ரிங் போட்டும் அதே சத்தம் அதே இடத்தில் வந்தால், அப்போது டாப்பெட்டைப் பார்க்கச் சொல்லலாம். அதையும் ‘டைட் பண்ணுங்க’ என்று சொல்லாதீங்க. ‘கேஜ் வெச்சு அளந்து பாருங்க’ என்று கேளுங்க. அந்த ஒரு வார்த்தையில் உங்க வால்வு பிழைச்சுக்கும்!

கிளம்பும்போது மெக்கானிக் அண்ணனிடம், “இதையெல்லாம் நாங்களே கத்துக்கிட்டா உங்க பொழப்பு என்ன ஆகுறது அண்ணே?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் ஆகாது தம்பி. தெரிஞ்சவன் வந்தா ‘இன்ன இடத்துல இன்ன சத்தம்’னு சொல்லுவான், எனக்கு அரை நாள் மிச்சம். தெரியாதவன் வந்து ‘டாப்பெட்டை டைட் பண்ணு’ன்னு எனக்கே ஆர்டர் போடுவான். அவனுக்கு நான் என்னத்தைச் சொல்றது?”

அடுத்து பார்க்கிங்கில் யாராவது “மச்சி, டாப்பெட்டுடா” என்று ஆரம்பிச்சால், ஒண்ணும் பேசாமல் குனிஞ்சு பைப் ஓரத்தில் கரி இருக்கா என்று பாருங்க. அந்த ரெண்டு நிமிஷத்தில் ஒருத்தனுக்கு ரெண்டு மாச மெஸ் பில்லை மிச்சம் பிடிச்சுக் கொடுத்திருப்பீங்க. ட்ரீட் கேட்க மறந்துடாதீங்க!